நட்டவர் யார், பலன் யாருக்கு?



ஒரு வீட்டில் பையனுக்குப் பாட்டு நன்றாக வருகிறது. கோயிலில் ஒருமுறை கேட்ட மெட்டை வீட்டுக்கு வந்து பிசகாமல் பாடிக் காட்டுகிறான். அடுத்த வீட்டில் பெண்குழந்தை. கரித்துண்டு ஒன்று அகப்பட்டால் போதும், திண்ணைச் சுவர் முழுவதும் மாடும் வண்டியும் மலையுமாக எழுதி நிரப்பிவிடுகிறாள். கண்டவர்கள் மெச்சுகிறார்கள். பெற்றோருக்கோ பெருமை பாதி, கவலை பாதி. இந்தப் பிள்ளையை என்ன செய்வது?

இதற்கு ஊரில் இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். "பாட்டும் படமும் சோறு போடுமா? முளையிலேயே கிள்ளிப் போட்டுவிட்டுப் பாடப்புத்தகத்தை எடுக்கச் சொல்" என்பார் ஒருவர். "விளையும் பயிர் முளையிலே தெரியும், இப்போதே தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பு, நாலு பேர் கண்ணில் படட்டும்" என்பார் மற்றவர். இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதாகத் தோன்றும். நன்றாக யோசித்தால் இருவரும் நிற்கும் வரப்பு ஒன்றே. பிள்ளை என்பது பெற்றோரின் நிலம், அதில் விளைவது பெற்றோரின் வெள்ளாமை. லாபம் இல்லையென்றால் மடக்கி உழு, லாபம் உண்டென்றால் சீக்கிரம் அறு. இதுதான் இருவர் சொல்வதும். இது நியாயந்தானா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் திருத்தணி வட்டாரத்து மக்களுக்குப் பயிரைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏரிப் பாய்ச்சலில் நெல், மேட்டில் வேர்க்கடலை, திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு, தோப்பில் மா என்று கண்டு பழகியவர்கள். ஆகையால் பயிர் வளர்ப்பைக் கொண்டே இக்கேள்வியை ஆராய்வது சுலபம். பிள்ளையைப் பயிரென்று சொல்வது நம் தாய்மாரின் வழக்கமும் ஆகும். ஆனால் அப்படிச் சொல்லும்போது அறுவடையை நினைக்கிறோமே ஒழிய நாற்றங்காலை நினைப்பதில்லை.

நாற்றங்காலில் நடப்பது என்ன? விதையை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைக்கவிட்டு, பதமான சேற்றில் நெருக்கமாகத் தெளிக்கிறோம். நல்ல எருவும் அளவான தண்ணீரும் விட்டு, குருவி கொத்தாமல் காவல் இருக்கிறோம். சிறு இடத்தில் பெரிய கவனிப்பு. ஆனால் அந்தக் கவனிப்புக்கு ஒரு கெடு உண்டு. மூன்று நான்கு வாரத்துக்குள் நாற்றைப் பறித்தாக வேண்டும். பச்சைப் பசேலென்று இருக்கிறதே, இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் நாற்று முற்றிப்போகும். பிறகு நட்டாலும் தூர் கட்டாது. உரிய நாளில் பறிக்கும்போதும் வேர் அறுபடத்தான் செய்கிறது. நட்ட வயல் சில நாள் வாடி மஞ்சளித்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவன் பயிர் செத்துவிட்டது என்றே நினைப்பான். அதற்குப் பிறகுதான் பச்சை பிடிக்கும்.

நம் திருச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. குருமடத்துக்கு இலத்தீனில் வழங்கும் 'செமினாரியும்' என்ற சொல்லுக்கே நாற்றங்கால் என்றுதான் பொருள். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மேற்றிராசனத்திலும் இத்தகைய நாற்றங்கால் வேண்டும் என்று கட்டளையிட்டது. குருமடத்தில் சேர்ந்த பிள்ளை அங்கேயே தங்கிவிடுவதற்காக எந்த ஆயரும் குருமடம் கட்டவில்லை.

நிற்க. இதையெல்லாம் வெறும் உவமையாகச் சொல்லாமல், நம் ஊர் மலையோடு சம்பந்தப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டே பார்ப்போம். கர்நாடக சங்கீதத்தின் மூவரில் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் தமது முதற் கீர்த்தனத்தைப் பாடியது இந்தத் தணிகை மலையில் என்பது பரம்பரையாக வரும் செய்தி. நாம் அக்கோயிலின் வழிபாட்டைச் சேர்ந்தவர்களல்லோம். ஆயினும் தினமும் கண்ணில் படும் மலையில் ஒரு பெரிய கலைஞர் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அழகல்ல.

அவருடைய தகப்பனார் இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) பெரிய வித்துவான். ஹம்ஸத்வனி என்ற இராகத்தை உலகுக்குக் கொடுத்தவர் அவரே. வெகுகாலம் பிள்ளையில்லாதிருந்து, திருவாரூரில் 1775-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த மகன் முத்துசுவாமி. அவருக்குப் பின் சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிமார். பின்னர் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியின் ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்துவந்து ஆதரித்தார். இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர் தெரியும் அதே மணலிதான். அங்கே தகப்பனே ஆசிரியர். பாட்டு, வீணை, வடமொழி, சாஸ்திரம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தன. ஜமீன்தாரின் மகன் சின்னையா முதலியாரும் சங்கீதப் பிரியர். அவருடைய தயவால் தீட்சிதர் சகோதரர்கள் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தையும் கேட்டார்கள். அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் அமைத்த எளிய பாட்டுகள் ஏறக்குறைய நாற்பது இன்றும் 'நோட்டுஸ்வரம்' என்ற பெயரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டுக்கூட அவற்றில் உண்டு. இளைய தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்கு ஏற்றபடி வாசிக்கத் தொடங்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி ஏது?

இதைக் காட்டிலும் நல்ல நாற்றங்கால் இருக்க முடியுமா? தகப்பன் வித்துவான், ஆதரிப்பவர் தனவான், வீட்டில் சோற்றுக்குக் கவலையில்லை, காதில் இரு கண்டத்துச் சங்கீதம். முத்துசுவாமி மணலியிலேயே தங்கியிருந்தால் நல்ல சமஸ்தான வித்துவானாக விளங்கியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. அச்சமயத்தில்தான் சிதம்பரநாத யோகி என்ற துறவி அங்கே வந்தார். மகனைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார்.

தகப்பனாருக்கு மனம் வரவில்லை என்கிறது வரலாறு. வராததில் ஆச்சரியமில்லை. தவமிருந்து பெற்ற மூத்த பிள்ளை. தான் தெரிந்ததையெல்லாம் ஊட்டி வளர்த்த சிஷ்யன். காசியோ இரயில் இல்லாத அக்காலத்தில் போனவர் திரும்புவது நிச்சயமில்லாத தூரம். முதலியாரும் எடுத்துச் சொன்ன பிறகே தகப்பனார் சம்மதித்தார். இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பிள்ளைக்குத் தீமை செய்யும் பெற்றோரைப் பற்றிப் பேசுவது எளிது. அவர்கள் தவறு எல்லாருக்கும் தெரிகிறது. கடினமான இடம் இதுதான்: பிள்ளைக்கு நன்மையே செய்துகொண்டிருக்கும் பெற்றோர், தாம் செய்யக்கூடிய நன்மை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளவேண்டிய நாள். அந்த நாளில் பிள்ளையை நிறுத்திவைக்கச் சொல்வது அன்புதான். ஆனால் நாற்றைப் பறிக்காமல் வைத்துக் கண்குளிரப் பார்ப்பவனுடைய அன்பு அது.

காசியில் ஐந்தாறு ஆண்டுகள். அங்கே யோகியிடம் வேதாந்தமும் உபாசனையும் கற்றார். வடநாட்டுச் சங்கீதத்தைக் காதாரக் கேட்டார். பிற்காலத்தில் அவர் செய்த கீர்த்தனங்களின் நிதானமான நடையிலும், துவிஜாவந்தி போன்ற இராகங்களைக் கையாண்ட விதத்திலும் அந்தக் கேள்வி ஞானம் தெரிகிறது என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் செய்ததாக ஒரு கீர்த்தனத்தையும் பரம்பரை கொண்டாடவில்லை. கையில் காட்ட ஒன்றுமில்லாத ஆண்டுகள். இன்று ஒரு பையன் அப்படி ஐந்தாண்டு இருந்தால் சும்மா விடுவோமா? "போனானே, என்ன சாதித்தான்?" என்று உறவினர் கேட்பார்கள். நட்ட வயலின் மஞ்சளைப் பார்த்துப் பதறுகிறவர்களின் கேள்வி அது.

யோகி காசியிலேயே காலமானார். தீட்சிதர் கங்கையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வீணையோடு மணலிக்குத் திரும்பி, அங்கிருந்து திருத்தணிக்கு வந்தார். 365 படிகள் என்று சொல்லப்படும் அந்த மலையில் அவர் தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டுச் சென்றாராம். அவர் முருகனே என்பது அவர்களுடைய விசுவாசம். அந்த இனிப்போடு எழுந்தது 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் கீர்த்தனம். அதையும் சேர்த்து, வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கும் எட்டுக் கீர்த்தனங்கள் செய்தார்.

இதில் சங்கீதம் படிப்பவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த முதற் கீர்த்தனம் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதுவோ, எந்தக் குழந்தையும் சரளி வரிசை கற்கும்போது முதல்நாள் வாயில் போட்டுக்கொள்ளும் இராகம். காசி வரை போய் வந்தவர், வடநாட்டு இராகங்களைக் கேட்டுத் திளைத்தவர், முதல் கீர்த்தனத்துக்குத் தேடியெடுத்தது நாற்றங்கால் மண்ணை. வேறு யாரேனும் புதுமையாகப் பாடி எல்லாரையும் அசத்த நினைத்திருப்பார்கள். நம் இளம் பாடகர்களில் சிலருக்கு இரண்டு மாதத்திலேயே சரளி வரிசை அலுத்துவிடுகிறது; அவர்கள் இதை யோசிக்கட்டும்.

இன்னொன்று, அவர் வைத்துக்கொண்ட முத்திரை. பாட்டின் முடிவில் செய்தவர் பெயர் வருவது வழக்கம். தீட்சிதர் தம் பெயரை வைக்கவில்லை. 'குருகுஹ' என்று வைத்தார். குருவாக வந்த குகன் என்பது பொருள். அதன்பின் நானூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனங்களிலும் அந்த முத்திரையே வருகிறது.

இங்கேதான் நம் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது. அந்தக் கீர்த்தனங்கள் யாருடைய பலன்? விதைத்தவர் தகப்பன். நிலமும் நீரும் கொடுத்தவர் முதலியார். பறித்து நட்டவர் யோகி. சுப்பம்மாள் என்ற தாயார் பெற்று வளர்த்ததை நாம் எண்ணவேயில்லை. ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. எவருக்கும் முழு உரிமை இல்லை. அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நட்டவர் ஒருவர், நீர் வார்த்தவர் வேறொருவர், வளரச் செய்தவரோ சர்வேசுரன் என்று கட்சி கட்டினவர்களைக் கண்டித்தது நமக்கு நினைவிருக்கும். நான் இன்னாரைச் சேர்ந்தவன் என்று கொரிந்தியர் சண்டையிட்டார்கள். நாமோ இவன் என்னைச் சேர்ந்தவன் என்று சண்டையிடுகிறோம். நோய் ஒன்றே.

மணலி முதலியார் செய்த செலவுக்கு வட்டி கேட்கவில்லை. திருத்தணிக்குப் பின் தீட்சிதர் மணலியில் தங்கவில்லை. காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள், பிறகு திருவாரூர், தஞ்சாவூர், மதுரை என்று போய், கடைசியில் தம்பி பாலுசுவாமி இருந்த எட்டயபுரத்தில் 1835-இல் காலமானார். வளர்த்த வீட்டு வாசலில் காய்க்கவில்லை. தகப்பனுக்கும் அவர் ஒரு மகனாகத் திரும்பிக் கொடுத்தது பணமல்ல. இன்று கச்சேரிகளில் முதலாவதாகப் பாடப்படும் 'வாதாபி கணபதிம்' முத்துசுவாமி தீட்சிதர் செய்தது. அதன் இராகம் ஹம்ஸத்வனி, தகப்பனாருடையது. பாடுகிறவர்களில் எத்தனை பேர் இராமசுவாமி தீட்சிதரை நினைக்கிறார்கள்? நினைக்காவிட்டாலும் அந்த இராகம் ஒவ்வொரு மாலையும் எங்கேயோ ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இனி முன்சொன்ன போட்டி விஷயத்துக்கு வருவோம். மாங்கன்றை ஒட்டுக்கட்டி நட்டால் மறு ஆண்டே பூத்துவிடும். அனுபவமுள்ளவர் அந்தப் பூவைக் கிள்ளிவிடுவார். முதல் மூன்று ஆண்டு பூவை விடமாட்டார். விட்டால் இரண்டொரு காய் பிடிக்கும். கன்றோ அதோடு கூனிப்போகும். ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து துளிர்ப்பதையும் அவர் விடுவதில்லை. அது செழிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நட்ட ஜாதி அதுவல்ல. இதைப் பார்க்கும் குழந்தை, "தாத்தா ஏன் பூவையெல்லாம் கிள்ளுகிறார்?" என்று அழும். கிள்ளுகிற கைக்கும் அது சுகமான வேலையல்ல.

பத்து வயதுப் பையன் மேடையில் பாடிக் கைதட்டு வாங்குகிறான். அது பூ. பதின்மூன்று பதினான்கு வயதில் அவன் குரல் உடையும். அது இயற்கை, ஒரு குறையுமல்ல. குரல் இறங்கி நிலைக்கும்வரை அவனுக்கு ஓய்வும் பொறுமையும் வேண்டும். ஆனால் அதுவரை கைதட்டையே தண்ணீராகக் குடித்து வளர்ந்தவனுக்கு அந்த ஓய்வு தண்டனையாகத் தோன்றுகிறது. நேற்று வரை தூக்கிக் கொண்டாடியவர்கள் இன்று திரும்பிப் பார்ப்பதில்லை. தன்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிப் பாட்டையே விட்டவர்களை எல்லா ஊரிலும் காணலாம். பூவைக் கிள்ளாத கை அவனுடைய வேரைக் கிள்ளிவிட்டது.

அப்படியானால் சிறுவயதில் மேடையே கூடாது என்று சட்டம் போடலாமா? போடக்கூடாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் பிறந்து, ஒன்பது வயதில் மேடையேறி, பதினைந்து வயதுக்குள் உலகம் சுற்றியவர். மேல்நாட்டு வாத்தியம் ஒன்றைக் கர்நாடக சங்கீதத்துக்குச் சொந்தமாக்கினார். அவர் கூனிப்போகவில்லை. அவருடைய ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவரல்லர், பாடகர். ஆசிரியர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் எடுப்பான். தமக்குத் தெரியாத வாத்தியத்தில் தம்மைக் கடந்து போகிற பிள்ளைக்கு ஒருவர் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தார் என்றால், அந்த ஆசிரியரின் மனப்பக்குவத்தை நினைத்துப்பாருங்கள். ஆகவே வயது அல்ல கேள்வி. யாருக்காக அந்தப் பூ மரத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. பிள்ளையின் வளர்ச்சிக்கு மேடை வேண்டுமென்றால் ஏறட்டும். நம்முடைய பெருமைக்கு வேண்டுமென்றால், கிள்ளவேண்டிய பூ நம் மனத்தில் இருக்கிறது.

இதுவரை உவமையைப் பிடித்துக்கொண்டு வந்தோம். அது பொருந்தாத இடத்தையும் சொல்லிவிடவேண்டும். நாற்றுக்கு எந்த வயலுக்குப் போவது என்று கேள்வியில்லை. மாங்கன்று புளியாக ஆசைப்படுவதில்லை. பிள்ளைக்கோ மனசாட்சியும் விருப்பமும் உண்டு. பாட்டு நன்றாக வருகிற பையன் பாட்டு வேண்டாம் என்று சொல்லக்கூடும். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. வரம் பெற்றவன் அதைப் புதைத்துவைக்கலாகாது என்று தாலந்து உவமையைக் காட்டி அவனை நாம் நெருக்குவோம். தாலந்தைக் கணக்குக் கேட்க வருகிறவர் எஜமானர். பெற்றோரும் பாட்டு வாத்தியாரும் அல்லர். எடுத்துச் சொல்லலாம், வழி காட்டலாம், காத்திருக்கலாம். அவ்வளவுதான்.

நம் ஊர் தந்த மற்றொரு பெரியவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் இதற்கு ஒரு சாட்சி. 1888-இல் பிறந்த அவர் திருத்தணியில் தொடங்கி, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று நான்கு இடத்தில் நடப்பட்டவர். தத்துவ சாஸ்திரத்தை அவர் எடுத்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டதே. வேறு புத்தகம் வாங்க வசதியில்லை. 1962-இல் குடியரசுத் தலைவரானவரின் படிப்பு ஓர் அடுக்குப் பழைய புத்தகத்தில் திரும்பியிருக்கிறது. எந்தத் தோட்டக்காரனும் திட்டமிடாத நீர் அது.

ஆனால் எல்லாருக்கும் அந்தப் பழைய புத்தகம் கிடைக்கிறதா? நம் மனத்தை அதிகமாக உறுத்தவேண்டியது இதுவே. வரத்தைப் பெற்ற பிள்ளைகள் குடிசையிலும் பிறக்கிறார்கள். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று பழமொழி சொல்லிவிட்டு நாம் குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வைத்தவன் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரன் கையால்தான் ஊற்றுகிறான். ஆர்மோனியம் பழக ஆசைப்படும் பெண் நம் பாடற்குழுவில் இருக்கலாம். மாதச் சம்பளம் கட்ட முடியாததால் அவள் வாயைத் திறக்காமல் பின்வரிசையில் நிற்கலாம். பெற்றோரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், பங்கைப் பற்றியும் பேசவேண்டாமா? ஒரு பிள்ளையின் வாத்தியார் சம்பளத்தை நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன பாரம்? மேடை போட்டு மாலை மரியாதை செய்கிற செலவில் பாதிகூட ஆகாது. கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெண் பிற்காலத்தில் நம் ஊரை விட்டுப் போனால் குறைப்படாமல் இருப்போம்.

தீட்சிதரும் தாம் பெற்ற நீரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. திருவாரூரில் அவரிடம் கற்றவர்களில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பனும், கோயிலில் ஆடிய கமலமும் இருந்தார்கள். தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி. வியாழ கிரகத்தின் தோஷம் என்று கருதினார்கள். கிரகங்களைக் குறித்து நம் வேதம் போதிப்பது வேறு. அதை இங்கே விவாதிக்கவேண்டாம். மந்திர ஜபம் செய்ய இயலாத அந்த மத்தளக்காரருக்காக, அவர் வாயால் பாடக்கூடியதாகத் தீட்சிதர் அடாணா இராகத்தில் ஒரு கீர்த்தனமே செய்துகொடுத்தார். நவக்கிரக கீர்த்தனங்கள் இப்படித்தான் தொடங்கின என்பார்கள். தஞ்சாவூர் நட்டுவ மரபைச் சேர்ந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்களும் அவருடைய சிஷ்யர்களே. இன்று பரத நாட்டியம் ஆடும் முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள். சதங்கை கட்டும் எந்தக் குழந்தையின் காலடியிலும் அந்தத் தண்ணீரின் ஈரம் கொஞ்சம் உண்டு.

அவர் இறந்தபின் கீர்த்தனங்கள் சிஷ்யர்களின் தொண்டையில்தான் இருந்தன. ஒரு தொண்டை அடங்கினால் பத்துப் பாட்டு அடங்கிவிடும். பாலுசுவாமி தீட்சிதர் தம் மகளின் மகன் சுப்பராமனைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். 1839-இல் பிறந்த இந்தச் சுப்பராம தீட்சிதரிடம் பாட்டுகள் இருந்தன. ஆனால் பரம்பரைச் சொத்தை ஏட்டில் போட்டு எல்லாருக்கும் கொடுக்க மனம் இலேசில் இணங்குமா? சென்னையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த சின்னசாமி முதலியார் என்பவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், நம்மைப் போல் கிறிஸ்தவர், இந்தச் சங்கீதம் அழிந்துவிடக்கூடாது என்று 1890-களில் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஐரோப்பிய சுரலிபியில் அச்சிட்டு வந்தார். வேலையின் கடுமையில் அவர் கண் மங்கிப்போயிற்று. அவர் வற்புறுத்தியதாலும் எட்டயபுரம் அரசர் பொருளுதவியாலும் சுப்பராம தீட்சிதர் பேனாவை எடுத்தார். முதலியாருக்கு அந்தக் குடும்பத்தோடு உறவில்லை. அந்தக் கீர்த்தனங்கள் துதிக்கும் தெய்வங்களை அவர் வணங்கியதுமில்லை. ஒரு நல்ல மரம் பட்டுப்போகிறதே என்ற ஒன்றுதான் அவருக்கு.

1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனங்கள் சுரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. மாயாமாளவகௌளை வரும் பக்கத்தைப் புரட்டினால், நம் ஊர் மலையில் எழுந்த அந்த முதற் கீர்த்தனத்தையும் அங்கே காணலாம்.